டீக்கடை இல்லாத கம்பெனி

1997 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை. ரசாயன ஆயுதங்களைச் செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று உலக நாடுகள் எழுதிய ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதே நாள் மாலை நாலேகாலுக்கு, செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரியில், கேரியேஜ் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் குணசேகரனுக்கு ஒரு பெண் பிறந்தாள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தப் பெண், மைதிலி, சம்பந்தம் உண்டு என்று பிற்பாடு முடிவு செய்துவிட்டாள்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டில் அது நடந்தது. கல்லூரிகளுக்கிடையே வினாடி வினா, இறுதிச் சுற்று. அந்த ஒப்பந்தம் எந்த நாளில் அமலுக்கு வந்தது என்று கேட்டார்கள். நாலு அணியிலும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேள்வி கேட்டவர் விடையைப் படித்ததும் மைதிலி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"சார், அது என் பர்த்டே!"

அரங்கமே சிரித்தது. "அதுக்கு மார்க் கிடையாதும்மா" என்றார் அவர்.

மார்க் போனால் போகிறது என்று வீட்டுக்கு வந்து, அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு மாதம் படித்தாள். அதில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது குண்டு போட்டவர்களின் கதை இல்லை. அந்தச் சரக்கைச் செய்தவர்கள் தன்னைப் போலவே கெமிஸ்ட்ரி படித்தவர்கள் என்பதுதான். ஒருவர் எடை போட்டிருக்கிறார். ஒருவர் பில் தட்டச்சு செய்திருக்கிறார். ஒருவர் லாரி ஓட்டியிருக்கிறார். எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"அப்பா, அந்த பில் போட்ட ஆளு என்ன நெனச்சிருப்பான்?"

"நக்கோ பேட்டா. சாம்பார் ஆறுது. சாப்பிடறப்போ கொலைகாரப் பேச்சு கைக்கு?" என்றார் குணசேகரன். மூன்று தலைமுறை ரயில்வே காலனி. அவர் தமிழில் பாதி ஹைதராபாத்தாகிவிட்டிருந்தது: நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம். ஆனாலும் கேள்வி அவரையும் குடைந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்ளும்போது தானாகச் சொன்னார்: "எங்க ஒர்க்‌ஷாப்புல ரயில் பெட்டிக்கு அடியில ரிப்பேருக்கு எறங்கறவன் செவப்புக் கொடி மாட்டிட்டுத்தான் எறங்குவான். அவன் மாட்டுனத அவனேதான் எடுக்கணும். ஃபோர்மேன் வந்தாக்கூடத் தொடக்கூடாது. கொடியை இன்னொருத்தன் கையில குடுத்துட்டுப் போனா, பெட்டி நகர்ந்துடும்."

மைதிலி அதை மறக்கவில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

எம்.எஸ்ஸி. முடித்து 2023-இல் ஹைதராபாத் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் சேர்ந்தாள். நூற்றிருபது பேர் வேலை செய்யும் இடம். பேனா மை, துணிச் சாயம், பிளாஸ்டிக் என்று பல தொழிலுக்கு வேண்டிய திரவங்களை அங்கே செய்து டிரம்மில் அடைத்து அனுப்புகிறார்கள். அவற்றில் ஒன்றிரண்டு, தவறான ஆள் கையில் போனால், மூச்சையும் தோலையும் தின்னும் விஷத்துக்கு முதல் படி. பெயர்கள் இங்கே தேவையில்லை. அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை வாங்குபவர் எதற்காக வாங்குகிறோம் என்று கடிதம் தர வேண்டும். விற்பவர் அதைப் படித்துப் பார்த்து, திருப்தி என்றால் 'ரிலீஸ் ஃபார்ம்' என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கேட் திறக்காது.

வருஷத்துக்கு இரண்டு முறை ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்றும் விதி. ஃபைலில் வகுப்புகள் ஒழுங்காக நடந்திருந்தன. நிஜத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் ஷெட் ஷெட்டாகச் சுற்றி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வருவார்.

மைதிலி நிஜமாகவே ஒரு வகுப்பு வைத்தாள். யாரும் வரவில்லை. மறுநாள் காலைப் பத்தரைக்கு டீக்காரரைப் பிடித்து, "அண்ணா, இன்னைக்குக் கெட்டிலை லோடிங் ஷெட்டுல வைங்க" என்றாள். கெட்டில் போன இடத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். பன்னிரண்டு நிமிஷம். பாதி தெலுங்கு, பாதி ஹிந்தி, டிரான்ஸ்போர்ட்டுக்காரர் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் டிரைவர்களுக்காக நடுநடுவே தமிழ். பாடம் ஒன்றும் நடத்தவில்லை. ஒரு கதையைச் சொல்லி, "நீங்களா இருந்தா லோடு ஏத்துவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். ஷெட் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. எடை மேடைக்காரரும் லோடர்களும் டம்ளரை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் அறுபது பேர்.

அந்த வகுப்பிலேயே பெரிய வாயாடி குமரவேல். ஹைதராபாத் மல்லாபூரில் பிறந்து வளர்ந்தவர், வயது நாற்பத்தாறு. டி.சி.எம். என்று ஊரே சொல்லும் நடுத்தர லாரி ஓட்டுகிறார். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு.

"டீச்சரம்மா, நீங்க சட்டம் சொல்றீங்க. எங்களுக்குச் சட்டம் தெரியாது. ஒரு கம்பெனி நிஜக் கம்பெனியா டுபாக்கூரா, நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நீங்களே சொல்லுங்கண்ணா. ஐநூறு கேட் பார்த்திருப்பீங்க. எல்லா கேட்டுலயும் என்ன இருக்கும்?"

குமரவேல் யோசித்தார். பிறகு டம்ளரை உயர்த்தினார். "டீக்கடை!"

ஷெட்டே சிரித்தது. மைதிலி சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸால் டிரம்மின் மேலேயே எழுதினாள்: டீக்கடை. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்கு வெளியே ஒரு வண்டிக்கடையாவது இருக்கும். தண்ணீர் வரும் குழாய் இருக்கும், கழிவு போகும் கால்வாய் இருக்கும், மூக்குக்குத் தெரிகிற ஒரு வாடை இருக்கும். டிரம் டிரம்மாகச் சரக்கு வாங்குகிற இடத்தில் இதெல்லாம் இல்லையென்றால், வந்து சொல்லுங்கள். அன்றிலிருந்து டிரைவர்கள் டெலிவரி முடிந்து வந்ததும், சரக்கு சேர்ந்ததா என்று யாராவது கேட்பதற்கு முன்னால், "டீக்கடை இருக்குது மேடம்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இது அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பரவியது. 2025 ஜனவரியில் நிர்வாக இயக்குநர் ராஜகோபால் அவளைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக இங்கே. "அம்மணி, ரிலீஸ் ஃபார்ம்ல இனிமே நீங்களே கையெழுத்துப் போடுங்க. அப்புறம் ஏப்ரல்ல எஸ்டேட் ஹால்ல பெரிய வகுப்பு ஒண்ணு வெக்கலாமுங்களா? இருபத்திரண்டு கம்பெனி வர்றேங்கறாங்க."

"எந்த தேதி சார்?"

"நீங்களே சொல்லுங்க."

"இருபத்தொம்பது" என்றாள். அது இந்த வருஷமும் செவ்வாய்க்கிழமை என்று காலண்டரில் பார்த்தபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். பட்டியலில் உள்ள ஒரு திரவம், சாம்பிளாக ஒரே ஒரு டிரம், இருநூறு கிலோ. அச்சு மை தயாரிக்க என்று கடிதம். சுத்தமான கடிதம். மைதிலி படித்தாள், கையெழுத்துப் போட்டாள். கொண்டுபோனது குமரவேல். தூப்ரான் தாண்டி, காமாரெட்டி போகும் வழியில் ஒரு ஷெட். மறுநாள் பத்தரை மணிக்கு அவர் வழக்கம்போலக் கத்தவில்லை. கெட்டில் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"டீக்கடை இல்ல டீச்சரம்மா."

"பக்கத்துல?"

"ரெண்டு கிலோமீட்டருக்கு இல்ல. வாடை இல்ல. கால்வாய் இல்ல. ஒரு வாட்ச்மேன். டிரம்மை உருட்டிட்டுப் போய் தார்ப்பாய்க்குக் கீழ தள்ளிட்டான். மை தயாரிக்கற எடத்துல ஒருத்தன் சட்டையிலகூட மை இல்ல."

அந்த வாடிக்கையாளரின் அடுத்த ஆர்டர் ஏப்ரல் முதல் வாரம் வந்தது. ஆறு டிரம், ஆயிரத்து இருநூறு கிலோ. மைதிலி கையெழுத்துப் போட மறுத்தாள். தொழிற்சாலை உரிமத்தின் நகல் வேண்டும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பதில் வரவில்லை. வந்ததெல்லாம் சங்கருக்கு வந்த போன்தான்.

சங்கர் விற்பனைப் பிரிவு. சென்னைக்காரன், முப்பத்தைந்து வயது, நல்ல பேச்சுக்காரன், கெட்டவன் இல்லை. "ஒரு டிரைவர் டீ குடிக்கக் கடை இல்லைன்னு சொன்னதுக்கு ஆர்டரை நிறுத்தறியா மைதிலி? வெளிய கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உரிமத்தை அனுப்பச் சொல்லு."

அங்கேயே நின்றது அந்த ஆர்டர். ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை வரை.

அந்த வாரம் அவளுடைய சித்தப்பா மகள் ரஷ்மிக்குக் கல்யாணம். புதன், வியாழன், வெள்ளி அரை நாள் விடுப்பு. செவ்வாய் மாலை கிளம்பும்போது சங்கர் வாசலில் மறித்தான். "ரெகுலர் கஸ்டமர் நாலஞ்சு லோடு போகணும். நீ இல்லாட்டி கேட் திறக்காது. ஃபார்ம்ல சைன் மட்டும் பண்ணி வெச்சிட்டுப் போயிடு, பேரும் கிலோவும் நான் நிரப்பிக்கறேன். வருஷக்கணக்கா வாங்கற நம்ம பழைய மை கம்பெனிதானே?"

ஜீடிமெட்லாவில் யாரைக் கேட்டாலும் இதில் என்ன தப்பு என்பார்கள். லீவு போடுகிறவர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரிதான். கீழே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மைதிலி ஐந்து ஃபார்மில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு, கையில் மருதாணியும் பையில் கல்யாண லட்டுமாக வந்து உட்கார்ந்து, டிராயரைத் திறந்தாள். ஃபார்ம் ஒன்றுதான் மிச்சம். நாலு போயிருக்கிறது. எடை மேடைப் பதிவேட்டை எடுத்தாள். புதன்கிழமை இரண்டு லோடு, மை கம்பெனி. வியாழன் ஒன்று, மை கம்பெனி. வெள்ளி, மதியம் ஒன்று ஐம்பத்தைந்து: ஆறு டிரம், ஆயிரத்து இருநூறு கிலோ, தூப்ரான் தாண்டிய ஷெட். டிரைவர் ஜகதீசன். ரிலீஸ் கையெழுத்து: ஜி. மைதிலி. அவள் கையெழுத்தேதான். பொய்க் கையெழுத்து இல்லை.

லட்டுப் பை கீழே விழுந்தது. மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி சங்கரின் மேசைக்குப் போனாள்.

"அந்த ஆறு டிரம்மை யாரைக் கேட்டு அனுப்பினே?"

"உன் சைன் இருந்துச்சே."

"அது மை கம்பெனிக்கு!"

"ஃபார்ம்ல அப்படி எழுதலியே மைதிலி." சங்கர் தன் போனைத் திருப்பிக் காட்டினான். "காலைலேர்ந்து பத்து போன். இன்னைக்கு வரலைன்னா ஆர்டர் கேன்சல்னாங்க. அவங்கதான் லெட்டர் கொடுத்திருக்காங்களே, அச்சு மைக்குன்னு."

"அந்த லெட்டரைப் படிச்சுப் பார்த்தியா?"

"படிக்கறதாவது. நான்தானே டைப் பண்ணேன்."

"நீயா?"

"என்ன எழுதணும்னு கேட்டாங்க. நம்ம மை கம்பெனி லெட்டரையே எடுத்து, பேரை மாத்தி அனுப்பிச்சேன். சைன் பண்ணித் திருப்பி அனுப்பினாங்க. புது கஸ்டமர் எல்லாருக்கும் செய்யறதுதான். ஒரு உதவி."

ஆக, பிப்ரவரியில் அவள் படித்துத் திருப்திப்பட்டது தன் கம்பெனி தனக்கே எழுதிக்கொண்ட கடிதம். அந்த ஷெட்டில் இருப்பது யார், எதற்கு வாங்குகிறார்கள் என்று யாருமே கேட்டதில்லை, யாருமே சொன்னதுமில்லை. இரண்டு வெற்றுத் தாள்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டியிருக்கின்றன.

யோசிக்க நேரமில்லை. மணி இரண்டு ஐம்பது. ஜகதீசனுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஐந்தாவது முறை போடும்போதுதான் உறைத்தது. ஸ்டீயரிங்கில் கை இருக்கும்போது போனை எடுக்கக் கூடாது, டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும் என்று மார்ச் மாதம் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உயிரைக் கொடுத்துச் சொன்னவள் அவள்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் ஜகதீசன். வந்தவாசிக்காரர், சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன்.

"ஐயோ, நல்ல மாணவன்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அறுபத்து மூன்று பேர். குரல் பதிவு போட்டாள்: "தூப்ரான் பக்கம் யாராவது இருக்கீங்களா? நின்னுக்கிட்டு இருக்கிறவங்க மட்டும் பதில் போடுங்க." நாலு நிமிஷத்தில் போன் அடித்தது. குமரவேல்.

"டீச்சரம்மா, நிஜாமாபாத்துலேர்ந்து காலி வண்டியோட திரும்பறேன். தூப்ரான் டோலுக்கு முன்னாடி டீ குடிச்சிட்டு இருக்கேன். இங்க டீக்கடை இருக்குது, கவலைப்படாதீங்க."

"அண்ணா, விளையாடாதீங்க! ஜகதீசன் அண்ணா வண்டி அந்த டோலுக்கு வரும். அதே ஷெட்டுக்குப் போகுது. ஆறு டிரம்."

மறுமுனையில் டம்ளரை வைக்கிற ஓசை கேட்டது. "கையெழுத்து யாரு போட்டது?"

"அப்புறம் சொல்றேன். வண்டியை மட்டும் நிறுத்துங்க."

"ஹவ். நிறுத்தறேன்."

நீளமான கம்பி ஏற்றும்போது பின்னால் கட்டுகிற சிவப்புத் துணி ஒன்று குமரவேலின் வண்டியில் எப்போதும் கிடக்கும். அதை உருவிக்கொண்டு, நடுத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். டோல் ஊழியர்கள் விசிலடித்தார்கள். ஒரு பஸ் டிரைவர் அவருடைய பரம்பரையையே வைதார். மூன்று இருபத்திரண்டுக்கு ஜகதீசனின் வண்டி வரிசைக்கு வந்தது. குமரவேல் முன்னால் போய் நின்று துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இன்னாபா இது, சர்க்கஸ் காட்டுற?" ஜகதீசன் தலையை வெளியே நீட்டினார்.

"ஓரங்கட்டு. டீச்சரம்மா பேசணும்ங்கறாங்க."

ஓரங்கட்டினார். கை பிரேக் போட்டார், எஞ்சினை நிறுத்தினார், டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். இருபத்தொரு தவறிய அழைப்பு. குமரவேலின் போன் ஏற்கெனவே ஸ்பீக்கரில் இருந்தது.

"ஜகதீசன் அண்ணா, வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துடுங்க."

"இன்னா மேடம், ஏன்? பேப்பர் கரெக்டா கீது. உங்க கையெழுத்து கீது. நான் மூணு தபா பாத்துட்டுத்தான் ஏத்துனேன். மேடம் கையெழுத்து இருந்தா போலாம், இல்லேன்னா எவன் சொன்னாலும் போகாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"அப்போ இது உங்க கையெழுத்து இல்லையா?"

பக்கத்தில் நின்ற சங்கர், போனின் மைக்கைக் கையால் பொத்தினான். அவசரமாகக் கிசுகிசுத்தான். "எடை தப்புன்னு சொல்லு. மறுபடி எடை போடணும், திரும்பி வான்னு சொல்லு. வந்துடுவாரு. யாருக்கும் தெரிய வேண்டாம். செவ்வாய்க்கிழமை உனக்கு மேடை இருக்கு, யோசி. என் வேலையும் தப்பிக்கும்."

சொல்லியிருக்கலாம். எடை தப்பு என்று பதிவேட்டில் எழுதினால், நாளைக் காலை சரியான எடையோடு அதே வண்டி அதே ஷெட்டுக்குப் போகும். எடை சரிதானே என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். மைதிலி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"என் கையெழுத்துதான் அண்ணா. ஆனா நான் பார்க்காமப் போட்டது. வெத்து ஃபார்ம்ல போட்டு வெச்சிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். தப்பு என்னோடது."

டோல் பிளாசாவின் இரைச்சலுக்கு நடுவே ஜகதீசனின் குரல், மெதுவாக: "நீங்களா மேடம்?"

"நான்தான்."

"சரி மேடம். ஆனா நான் திரும்பணும்னா கம்பெனி மொதலாளி சொல்லணும். கையெழுத்துப் போட்டவங்களே வேணாம்னா யார் சொல்லணும்னு நீங்க பாடம் எடுக்கல."

குமரவேல் குறுக்கிட்டார். "யோவ், மொதலாளியும் நக்கோ, தொழிலாளியும் நக்கோ, திருப்புய்யா!"

"நீ சும்மா இரு. எனக்கு ரூல் ரூல்தான்."

அவர் சொன்னது சரி. அவ்வளவு கோபத்திலும் பயத்திலும் மைதிலிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கியது. இந்த மனுஷன் ஒருத்தர் போதும். "அஞ்சு நிமிஷம் நில்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே நடைவழியில் ஓடினாள்.

ராஜகோபால் அறையில் தணிக்கையாளர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மைதிலி கதவைத் தட்டவில்லை. நின்றபடியே, மூச்சு வாங்க, ஐந்து ஃபார்ம், ஆறு டிரம், டைப் பண்ணிக் கொடுத்த கடிதம், டோலில் நிற்கும் வண்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் இதையெல்லாம் தூப்ரானில் இரண்டு டிரைவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜகோபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங் அம்மணி. இருபத்திரண்டு கம்பெனிக்காரன்கிட்ட உங்களைப் பத்தி என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார். முதல்ல வண்டி."

அவர் போனை வாங்கினார். "ஜகதீசு, ராஜகோபால் பேசறனுங்க. வண்டியைத் திருப்புங்க. குமரவேலு, நீங்க பின்னாலயே வாங்க. எங்கயும் நிறுத்த வேண்டாம்."

"டீக்குக்கூடவா சார்?" என்றது போன்.

"வந்து இங்க குடிங்கய்யா!"

ஐந்து ஐம்பதுக்கு இரண்டு வண்டிகளும் கேட்டுக்குள் நுழைந்தன. ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாட்ஸாப் குழுவில் மூன்று மணி நேரமாகக் கிரிக்கெட் கமென்டரி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது: மேட்சல் தாண்டியாச்சு, கொம்பல்லியில் டிராஃபிக், சுசித்ரா சிக்னல். வண்டி நின்றதும் லோடர்கள் ஏறித் தெலுங்கில் எண்ணினார்கள். "ஒக்கட்டி, ரெண்டு, மூடு..." ஆறு. சீல் ஆறும் அப்படியே இருந்தன. ஷெட்டில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். டீக்காரர் இரண்டாவது கெட்டில் வைத்தார். கீழே விழுந்து உடைந்த கல்யாண லட்டு, தூளாகவே எல்லார் கைக்கும் போனது.

மைதிலி ஆறு டிரம்மையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு மேலே போனாள்.

ராஜகோபால் ஒரு தாளை நீட்டினார். விசாரணை முடியும் வரை ரிலீஸ் ஃபார்மில் கையெழுத்திடும் அதிகாரம் அவளுக்கு இல்லை. சங்கருக்கும் ஒரு தாள் இருந்தது. அவனைப் புது ஆர்டர்களிலிருந்து விலக்கியிருந்தார். "தில்லியில இந்தப் பட்டியலைப் பாத்துக்கற ஆபீசுக்கு மெயில் போட்டுட்டேன். திரும்பி வந்த ஆறு டிரம்மைப் பத்தி மட்டுமில்ல. பிப்ரவரியில போன இருநூறு கிலோவைப் பத்தியும். அது திரும்பி வரலையே அம்மணி."

"ஆமா சார். அதுலயும் என் கையெழுத்துதான். அது படிச்சுட்டுப் போட்டது."

"படிச்சது நம்ம லெட்டரையே."

கீழே யாரோ ஹிந்தியில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமைக்கு வேற ஆள் பாருங்க சார்."

"வேற எந்த ஆளுகிட்டப் போய் வெத்து ஃபார்மைப் பத்திக் கேக்கறது? ஜீடிமெட்லா பூராவும் அவனவன் டிராயர்ல அஞ்சு தாள் தூங்குது. அதுல ஒருத்தன் மேடை ஏறி என் டிராயர்லயும் இருக்குதுன்னு சொல்லுவானுங்களா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போய்ச் சொல்லுங்க. பேரை மறைக்காம சொல்லுங்க. நம்ம கம்பெனி பேரையுந்தான்."

அன்று வீட்டில் குணசேகரன் முழுக் கதையையும் கேட்டார். கல்யாண அலுப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார். "டோல்ல செவப்புத் துணி புடிச்சானா? எங்க ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பு அந்த ஆளை" என்றார். கொடியைப் பற்றிப் பழைய பேச்சை எடுக்கவில்லை. மைதிலியே எடுத்தாள். "கொடியை அடுத்தவன் கையில குடுத்துட்டேம்ப்பா." அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். "ஹவ். ஆனா பெட்டி நகர்றதுக்குள்ள கத்திட்டே" என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை, எஸ்டேட் ஹால். இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள்; முந்நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் மைக்குக்கு முன்னாலேயே கெட்டில் வந்து சேர்ந்திருந்தது. குமரவேல் முதல் வரிசையில், சிவப்புத் துணியைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு. பக்கத்தில் ஜகதீசன், போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. கடைசி வரிசையில் சங்கரும் இருந்தான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தான்.

மைதிலி வணக்கம்கூடச் சொல்லவில்லை. மிச்சமிருந்த அந்த ஐந்தாவது ஃபார்மைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பெயர் இல்லை, கிலோ இல்லை, தேதி இல்லை. அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து.

"இது என்னோடது. இதோட கூடப் பிறந்த ஒரு தாள், போன வெள்ளிக்கிழமை ஆயிரத்து இருநூறு கிலோவைக் கூட்டிக்கிட்டுத் தூப்ரான் வரைக்கும் போச்சு. நீங்களா இருந்தா லோடு ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

முந்நூற்றுப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்று வைத்த வகுப்பு இரண்டு மணி நேரம் போனது. அதற்குள் பதினோரு பேர் எழுந்து, தங்கள் டிராயரிலும் இப்படித் தாள்கள் உண்டு என்றார்கள். அவர்களில் நாலு பேர் அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டு, கிழிக்கச் சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் சங்கர் வந்து, தான் இதுவரை டைப் பண்ணிக் கொடுத்த கடிதங்களின் பட்டியலை அவள் கையில் கொடுத்தான். பதினாலு.

நாளை, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தில்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். முதலில் மைதிலியை விசாரித்துவிட்டு, பிறகு குமரவேலைக் கூட்டிக்கொண்டு தூப்ரான் தாண்டி அந்த ஷெட்டுக்குப் போகிறார்கள்.